ஓரப்பட்டியும் அறுபது குண்டூசியும்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று எனக்குத் தண்டனை கிடைத்தது. அதில் புதுமை ஒன்றுமில்லை. எனக்கும் தண்டனைக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இந்த முறை உண்மையைச் சொன்னதற்காகக் கிடைத்தது என்பதுதான் புதுசு.

ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது "நீ அப்போ என்ன சொன்னே" என்று கேட்டால் காட்ட வேண்டும்.

ஆண்டு விழாவில் மேடைத் திரை திறக்கவில்லை. இரண்டு பாதியையும் ஒன்றின் மேல் ஒன்று அரை அங்குலம் ஏற்றி, பின்பக்கமாக யாரோ ஹெம்மிங் போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் கயிற்றை இழுத்தார், வரவில்லை. இன்னும் இழுத்தார், கம்பியோடு வந்தது. கம்பி நேராகத் தாளாளர் அம்மாவின் தோளில். எலும்பு முறியவில்லை, ஆனால் இரண்டு வாரமாக அவர் கை கழுத்தில் தொட்டில் கட்டித் தூங்குகிறது.

அந்த 'யாரோ' நான். திரை திறக்காது, எல்லோரும் சிரிப்பார்கள், பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கம்பியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மறுநாள் பெரிய மேடம், எங்கள் தலைமையாசிரியை, தையலைப் பார்த்தார். இவ்வளவு சீராக ஊசி போடப் பத்தாம் வகுப்பில் ஒருத்தியால்தான் முடியும் என்று சீட்டுவைக் கூப்பிட்டார். (அவள் அப்பா கார் சீட்டுக்கு உறை தைப்பவர். அதனால் இவள் சீட்டு.) "நான் தைக்கல மேடம்" என்றாள். யார் என்று தெரியுமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, கேட்கவில்லை. பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். சீட்டுக்கே சீட்டைக் கிழிச்சுட்டாங்க என்று வகுப்பு சிரித்தது. அந்த ஜோக்கை வழக்கமாக நான்தான் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. மூன்று நாள் நான் எதையுமே சொல்லவில்லை.

நான்காம் நாள் மேடத்திடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. மறுபடி போனேன். நம்பவில்லை. இன்று மூன்றாவது முறை.

"பட்டன் பிஞ்சா ஸ்டேப்ளர் அடிச்சுட்டு வர்ற பொண்ணு நீ. கைவேலைல அம்பதுக்குப் பன்னெண்டு. சிநேகிதிக்காகப் பொய் சொல்றது உனக்குப் பெருமையா இருக்கலாம், எனக்குத் தலைவலி. பத்து நாள், நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் டிரில் மாஸ்டர்கிட்ட உக்காரு."

இருபத்தொன்றாம் தேதி பொதுத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். அன்றைக்குள் சீட்டு பள்ளிக்குள் இல்லையென்றால் அவளுக்கு இந்த ஒரு வருஷம் போச்சு. நடு வருஷத்தில் வேறு எந்தப் பள்ளியும் கதவைத் திறக்காது.

எனக்குப் பதினேழு நாள் இருக்கிறது. இதுவரை எத்தனையோ பொய்யை அழகாக நம்ப வைத்திருக்கிறேன். ஒரே ஒரு உண்மை நகர மாட்டேன் என்கிறது.

நவம்பர் 5, புதன்

தண்டனை நடக்கும் இடம் விளையாட்டுச் சாமான் அறை. காற்றுப் போன பந்துகள், உயரம் தாண்டும் மெத்தை, ஒரு பக்கம் சாய்ந்த தராசு. டிரில் மாஸ்டர் வாசலில் நாற்காலி போட்டுப் பந்துகளுக்குக் காற்றடிக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தண்டனை மாதிரிதான் இருக்கிறது.

கைவேலை மிஸ் பிரசவ விடுப்பில் போனதால் அந்த வகுப்பும் அவர் தலையில். கூடவே ஒரு போர்வையும். எங்கள் வகுப்பு முப்பது பேர், ஆளுக்கு ஒரு கட்டம் தைத்து, அத்தனையையும் சேர்த்து ஒட்டுப்போர்வை ஆக்கியிருக்கிறோம். பத்தொன்பதாம் தேதி தாளாளர் அம்மாவுக்கு வகுப்பின் மன்னிப்பாகக் கொடுக்கிறார்களாம். கட்டங்கள் முடிந்தன, நடுத்தையல் முடிந்தது. ஓரம் மட்டும் பாக்கி. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் நாலு பக்கமும் வாய் பிளந்து கிடக்கின்றன. சுற்றிலும் பட்டி வைத்து மூட வேண்டும். சுற்றளவு இருபத்திரண்டு அடி. அந்த வேலையென்றதும் வகுப்பில் எல்லோருக்கும் திடீரென்று கை வலி.

"நீ சும்மாதானே உக்காரப் போற" என்றார் மாஸ்டர்.

"எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்களே சார்."

"தெரியும்னு நீ சொல்லியிருக்கியே."

தோளுக்குக் கட்டு வாங்கிக் கொடுத்ததும் நான், தோளுக்குப் போர்வை தைப்பதும் நான். சரி. தைத்துக் காட்டுகிறேன். இருபத்திரண்டு அடியும் கண்ணுக்கு முன்னால் கிடந்தால் மேடம் என்ன சொல்வார் பார்க்கலாம்.

ஒரு டப்பா குண்டூசி கொடுத்தார். எண்ணித்தான் கொடுத்தார். அறுபது. போகும்போது அறுபதும் திரும்ப வர வேண்டும். போர்வைக்குள் ஒன்று தங்கினாலும் தாளாளர் அம்மாவுக்கு இன்னொரு கட்டு. மனுஷன் ஊசிக்கெல்லாம் வருகைப் பதிவு எடுக்கிறார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணும்போது அத்தனையும் வரிசையில் நின்று கைதூக்கும் என்று எதிர்பார்த்தேன்.

உட்காரப் பெஞ்சு இல்லை. மூலையில் அந்த மெரூன் திரை, விழுந்த மறுநாள் சுருட்டிப் போட்டது அப்படியே கிடந்தது. மடித்து மேலே உட்கார்ந்துகொண்டேன். குற்றவாளி சாட்சியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஒருவரும் எழுப்பவில்லை.

நவம்பர் 6, வியாழன்

முதல் ரேங்க் வந்தாள். போர்வை நன்றாக அமையாவிட்டால் வகுப்புத் தலைவி என்ற முறையில் அவளுக்கு அவமானமாம். நீலப் பட்டியை நீளமாக ஒட்டி, இரண்டாக மடித்து, போர்வையின் முன்பக்க ஓரத்தில் மெஷினில் ஓட்டிக் கொடுத்தாள். மெஷினை நான் தொடக்கூடாது. எட்டாம் வகுப்பில் வீட்டுப்பாட நோட்டை மெஷினில் விட்டு நாலு பக்கமும் தைத்து மூடி, 'நீதிமன்றத்தில் மட்டுமே பிரிக்கவும்' என்று எழுதிக் கொடுத்ததிலிருந்து தடை.

இனிமேல்தான் என் வேலை. பட்டியைப் பின்பக்கம் திருப்பி, மெஷின் தையல் மறையும்படி இழுத்து மூடி, விரல் அகலத்துக்கு ஒன்றாகக் குண்டூசி குத்தி, பிறகு ஊசி நூலால் ஹெம்மிங். அறுபது ஊசி ஒரு பக்கத்துக்கே போதாது. தைக்கத் தைக்கப் பின்னால் உள்ளதைப் பிடுங்கி முன்னால் குத்திக்கொண்டே போக வேண்டும்.

"நேராப் போடுவியா?"

"ரேங்க் வாங்கிற அளவுக்கு இல்ல. பாஸ் ஆகிற அளவுக்குப் போடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் ரேங்க் குறையும் போலிருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

ஒரு மூலை. ஒரு மூலைக்கு ஒரு மணி நேரம். இந்தப் பக்கப் பட்டியை முதலில் மடிக்கணும், அந்தப் பக்கத்தை அதன்மேல் மடிக்கணும், நடுவில் கோணலாக ஒரு கோடு விழணும். எனக்கு விழுந்தது கோடு இல்லை, கொழுக்கட்டை. நான்கு முறை பிரித்தேன். ஐந்தாவதில் கோடு.

நவம்பர் 8, சனி

சீட்டுவின் அப்பா கடைக்குப் போனேன். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை.

சாலை ஓரத்தில் ஷட்டர் கடை. உள்ளே கார் இல்லாமல் சீட்டுகள் மட்டும் வரிசையாக நிற்கும்; கண்ணுக்குத் தெரியாத பேருந்து ஒன்று அங்கே நிற்பது மாதிரி. ரெக்சின் வாசனை. சீட்டு ஒரு பின்சீட்டு உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு வர வேண்டிய நேரமெல்லாம் இப்போது அங்கேதான்.

நான் ஹெம்மிங் கற்றுக்கொண்டதும் அங்கேதான். போன கோடை விடுமுறையில் ஒரே உறையின் இந்த முனையில் அவள், அந்த முனையில் நான், எதிர் எதிராக உட்கார்ந்து. அவள் கையைப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான். பள்ளியில் மட்டும் வேண்டுமென்றே கோணலாகப் போட்டுப் பன்னிரண்டு வாங்கினேன், கைவேலை மிஸ்ஸைச் சீண்ட. இப்போது அந்தப் பன்னிரண்டு என்னைச் சீண்டுகிறது.

"மாமா, நான்தான் தைச்சேன்" என்று அவள் அப்பாவிடம் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். அவ்வளவுதான். அப்புறம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

சீட்டு ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ ஏன் என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்."

"சொன்னேனே."

"எப்போ? மூணு நாள் கழிச்சு. அந்த மூணு நாளும் நான் ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தேன் தெரியுமா? இப்போ வருவா, இப்போ வருவான்னு." நூலைப் பல்லால் கடித்தாள். "பள்ளிக்கூடம் நம்பாததுகூடப் பரவால்ல. நீ மூணு நாள் பேசாம இருந்த பாரு."

எழுந்து வந்துவிட்டேன்.

பயமா இருந்துச்சு. அவ்ளோதான். வேற காரணம் கண்டுபிடிச்சு எழுதலாம்னு பாத்தேன், இல்ல. கம்பி அவங்க தோள்ல விழுந்த சத்தம் காதுலயே இருந்துச்சு. பயந்துட்டேன். நான். மூணு நாள்.

நவம்பர் 10, திங்கள்

நேரம் போதாது என்று முதல் ரேங்க் உதவிக்கு உட்கார்ந்தாள். நான் ஒரு பக்கத்தில் அறுபது ஊசியையும் குத்தி வைத்திருந்தேன். மறு முனையிலிருந்து அவள் தைத்து வருவதாக ஏற்பாடு. ஐந்து நிமிஷத்தில் மூன்று முறை "ஆ".

"எல்லா ஊசியும் தலைகீழாக் குத்தியிருக்க. கூர்ப்பக்கம் என்னப் பாத்து இருக்கு. வேணும்னே பண்றியா?"

"எனக்கு வசதியா இருக்கிற மாதிரிதான் குத்தினேன்."

"உனக்கு வசதின்னா அடுத்தவங்களுக்குக் குத்தும், அப்படித்தானே?"

பின் துணியில் கடுகு அளவு ரத்தம். முதல் ரேங்கின் ரத்தம், நீலமாக இருக்கும் என்று நினைத்தேன், சிவப்புதான். சோப்புப் போட்டுக் கசக்கி எடுத்தோம். அவள் விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து யார் நம்புவார்கள்? இருபதடியில் ஒன்பதுதான் ஆகியிருக்கிறது. இல்லை, இருபத்திரண்டில்.

மாஸ்டர் எண்ணினார். அறுபது.

நவம்பர் 11, செவ்வாய்

நான்காவது முறை பெரிய மேடத்திடம். போர்வையையே தூக்கிக்கொண்டு போனேன்.

"பாருங்க மேடம். நான் தைச்சது. மாஸ்டர் முன்னாடி."

கண்ணாடி போட்டுப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் சிரிக்கும் முன் அடுத்த வரி வந்தது: "ரெண்டு வாரமா அவகிட்டப் போய்ப் பழகியிருப்ப. சனிக்கிழமை அந்தக் கடையில உன்னப் பாத்தவங்க சொன்னாங்க. இன்னிக்குத் தைக்கத் தெரியுது, சரி. அன்னிக்குத் தெரியும்னு எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. அதுதான் எரிகிறது. அவர் முட்டாளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

"அப்போ நான் இன்னும் வருவேன் மேடம்" என்றேன்.

"வா. கதவு இருக்கு, தட்டு."

நவம்பர் 12, புதன்

தமிழ் மிஸ் இன்று சொன்னார், பழைய தமிழில் தையல் என்றால் பெண் என்று அர்த்தமாம். அப்படியானால் என்னை யாரோ அவசரத்தில் தைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 13, வியாழன்

முதல் ரேங்க் மூச்சிரைக்க வந்தாள். சீட்டு தைத்த கட்டத்தை எடுத்துவிட்டு வேறு வைக்கும்படி மேடம் சொன்னாராம். திரையைத் தைத்தவள் கை பட்ட துணியைத் தாளாளருக்குக் கொடுத்தால் நன்றாக இருக்காதாம்.

திரையைத் தைத்தவள் கை இருபத்திரண்டு அடிக்கும் பட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

சீட்டுவின் கட்டம் கீழ் மூலையில் இருக்கிறது. மஞ்சள் குடை, கம்பி எட்டும் சரியாகத் தெரியும். (என்னுடையது அதற்குப் பக்கத்தில், வாழைப்பழத் தோல்.) அந்த மூலைக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை. முதல் ரேங்க் கையில் பிரிப்பதற்கான சின்னக் கத்தி.

"நாளைக்குப் பண்ணிக்கலாம், இன்னிக்கு இந்தப் பக்கம் ஊசி குத்தியிருக்கேன், கை வச்சா குத்தும்" என்றேன். பிளாஸ்டர் விரலைப் பார்த்துக்கொண்டாள். போய்விட்டாள்.

அவள் போனதும் இருந்த ஊசியெல்லாம் பிடுங்கி அந்த மூலைக்குக் கொண்டுவந்தேன். மடித்தேன், குத்தினேன், தைத்தேன். வரிசைப்படி வேலை செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மூலை மடிப்பு முதல் முயற்சியிலேயே விழுந்தது. மாஸ்டர் மணி பார்த்தார், ஐந்தே கால். இன்னொரு பந்தை எடுத்துக் காற்றடித்தார். அந்தப் பந்தில் ஏற்கெனவே காற்று இருந்தது.

பட்டி போட்டாயிற்று. இனிமேல் குடையை எடுக்க வேண்டுமென்றால் ஓரத்தைப் பிரிக்க வேண்டும், ஓரத்தைப் பிரித்தால் முப்பது கட்டமும் வாய் பிளக்கும். பிரிக்கட்டும் பார்க்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

அம்மாவுக்குப் பள்ளியிலிருந்து போன். நான் 'பிடிவாதமாகப் பொய் சொல்வதாக'. அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு வருபவளுக்கு வீட்டில் என்னால் ஊசி.

"கடைசியாக் கேக்கறேன். நீயா?"

"நான்தாம்மா."

"வீட்ல உப்பு டப்பால சர்க்கரை போட்டது யாருன்னு கேட்டா கூரையப் பாப்ப. இதுக்கு என் மூஞ்சியப் பாத்துச் சொல்ற. அதனால நம்பறேன்." பையைக் கீழே வைத்தாள். "நம்பறதுதான் கஷ்டமா இருக்கு. அந்த அம்மா தோள் பாவம்டி. அந்தப் பொண்ணு அதைவிடப் பாவம்."

"உன்னத்தான் நிறுத்துவாங்க, தெரியுமில்ல?" என்றாள் பிறகு.

"தெரியும்."

"பயமா இல்ல?"

"அதெல்லாம் மூணு நாள் பயந்து முடிச்சாச்சு."

நவம்பர் 17, திங்கள்

முடிந்தது. இருபத்திரண்டு அடி, நாலு மூலை. குடையைப் பிரிக்க யாரும் வரவில்லை. முதலும் கடைசியும் சேர்ந்த இடத்தை நானே தேட வேண்டியிருந்தது. இரண்டு முறை சுற்றிவந்து தேடினேன், திமிருக்காக.

நவம்பர் 18, செவ்வாய்

கடைசி நாள். இன்று எழுத நிறைய இருக்கிறது.

மாஸ்டர் எண்ணினார். ஐம்பத்தொன்பது.

மறுபடி எண்ணினார். ஐம்பத்தொன்பது. என்னைப் பார்த்தார்.

"சார், இதுல விளையாட மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"நான் அப்படி எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

யோசித்தார். இல்லை என்று தலையாட்டினார். அதுதான் உண்மை, நான் எப்போதும் மாட்டிக்கொண்டால் சிரிப்பேனே தவிர மறுத்ததில்லை. பிறகு இருவருமாகத் தேடினோம். ஓரத்தை அங்குலம் அங்குலமாக இரண்டு விரலால் அழுத்தி அழுத்தி நாலு பக்கமும் தடவினேன். பட்டிக்குள் இல்லை, பஞ்சுக்குள் இல்லை. அவர் மெத்தையைத் தூக்கினார். தரையைப் பெருக்கினார். முதல் ரேங்க் காந்தம் கொண்டுவந்தாள். ஒரு பழைய ஆணியும் இரண்டு பேட்ஜும் ஒட்டின. கடைசியில் நான் பத்து நாள் உட்கார்ந்த அந்தத் திரையை உதறினோம்.

ஊசி அதில்தான் இருந்தது. குண்டுத் தலை விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. அதைப் பிடுங்கக் குனிந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

மேலே இழுத்த வேகத்தில் பாதி கிழிந்திருந்தாலும், கீழே இடுப்பு உயரத்துக்குத் திரை இன்னும் தைத்தபடியே இருந்தது. என் தையல். பக்கத்திலேயே போர்வையின் ஓரம். அதுவும் என் தையல். போர்வையின் ஒரு பக்கத்தில் மட்டும், முதல் ரேங்க் குத்து வாங்கிக்கொண்டே போட்ட ஒரு சாண் தையல்.

அவளுடையது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என்னுடையது மறுபக்கம். காற்று மாறி அடித்த மழை மாதிரி. திரையில் இருந்தது என் பக்கச் சாய்வு.

"நீ எந்தக் கையில தைக்கிற?" என்றாள் முதல் ரேங்க். அவளும் பார்த்துவிட்டாள்.

கையைப் பார்த்தேன். இடது. எழுதுவது வலது, பந்து எறிவது வலது. தைப்பது மட்டும் இடது. ஏனென்றால் சீட்டுவுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அவள் கையைப் பார்த்துக் கற்றேன். அவள் வலது கை எனக்கு இடது பக்கம் தெரிந்தது, நான் இடது கையை எடுத்தேன். அவள் வலமிருந்து இடம் போனாள், நான் இடமிருந்து வலம். ஒரு கோடை முழுக்க இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை. குண்டூசிகள் தலைகீழாகப் போனதும் அதனால்தான்.

"அதான் என்னக் குத்துச்சா" என்றாள் முதல் ரேங்க், விரலைத் தடவிக்கொண்டு. பிறகு திரும்பி மாஸ்டரைப் பார்த்து, "சார், சீட்டு வலது கை. நான் அவ பக்கத்துலதான் ரெண்டு வருஷம் உக்காந்தேன். இந்தத் திரைய அவ தைக்கல."

முதல் ரேங்கை இனி நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஒரு வாரம்.

வீட்டுக்கு வந்ததும் கைவேலை ரெக்கார்டைத் தேடி எடுத்தேன். ஜூலையில் ஒட்டிய மாதிரித் துணி. பாம்பு நெளிகிறது, வேண்டுமென்றே கோணல். ஆனால் ஒவ்வொரு தையலும் என் பக்கம்தான் சாய்கிறது. கீழே பன்னிரண்டு. அதற்கும் கீழே சிவப்பு மையில் மிஸ் எழுதியது: "தையல் எதிர்த்திசையில் உள்ளது. திருத்திக்கொள்ளவும்." கையெழுத்து, தேதி. ஜூலை 16.

சிவப்பு மையில் எழுதியதை நான் எந்தக் காலத்தில் படித்திருக்கிறேன்?

நவம்பர் 19, புதன்

காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினேன். ஐந்தாவது முறை. இந்தத் தடவை தனியாக இல்லை. மாஸ்டர் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், யாரையோ மீட்டுக்கொண்டு வருவது போல. முதல் ரேங்க் சீட்டுவின் பழைய ரெக்கார்டைக் கைவேலை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள்.

மேசையில் நாலையும் வரிசையாக வைத்தேன். திரை. போர்வை. என் பன்னிரண்டு மார்க். சீட்டுவின் நாற்பத்தொன்பது.

பெரிய மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார்.

"எப்படித் திருப்பினாலும் சாய்வு மாறாது மேடம். நேத்து நானும் திருப்பிப் பாத்தேன்."

மறுபடி திருப்பினார். மாறவில்லை. என் ரெக்கார்டில் சிவப்பு மையைப் படித்தார், தேதியைப் படித்தார். ரெக்கார்டை மூடினார்.

"மூணு நாள் ஏன் சொல்லல?"

எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"பயம் மேடம்."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு."

கண்ணாடியைக் கழற்றினார். "நீ மூணு தடவ வந்து சொன்னே. நான் ஒரு தடவகூடத் திரைய மறுபடி பிரிச்சுப் பாக்கல." அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா, தெரியவில்லை.

"நாலு தடவ மேடம்" என்றேன். மாஸ்டர் இருமினார்.

"அப்போ உன்னத்தான் அனுப்பணும்."

"ஆமா."

பதினைந்து நாள் பள்ளிக்கு வரக்கூடாது; தேர்வுப் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். தாளாளர் அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் இன்றே, போர்வை கொடுக்கும்போதே. கேட்டேன். அவர் கட்டில்லாத கையால் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஊசி எதுவும் இல்லையே?" என்றார்.

"அறுபதும் டப்பால இருக்கு. மாஸ்டர் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டார்."

சிரித்தாரா, தோள் வலித்ததா, தெரியவில்லை. மஞ்சள் குடையைப் பார்த்து, "இது யாரு போட்டது? கம்பியெல்லாம் சரியா இருக்கே" என்றார். பெரிய மேடம் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும்.

நவம்பர் 21, வெள்ளி

முதல் ரேங்க் போன் செய்தாள். பொதுத் தேர்வுப் பட்டியலில் பதினேழாவதாகச் சீட்டு. கையெழுத்துப் போட்டாயிற்று.

நவம்பர் 27, வியாழன்

பகலெல்லாம் சீட்டுவின் அப்பா கடையில் இருக்கிறேன். சீட்டு பள்ளிக்குத் திரும்பிய பிறகு அங்கே ஒரு ஆள் குறைகிறது. எனக்குப் பதினைந்து நாள் உபரியாக இருக்கிறது. திங்கட்கிழமை போய் நின்றேன். மாமா ஒரு முன்சீட்டு உறையை என் பக்கம் தள்ளிவிட்டார். மதியம் நான் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலைகீழாப் போடுறியே" என்றார். பிரிக்கச் சொல்லவில்லை.

மாலையில் சீட்டு வருவாள். திங்கள் வந்தாள், அன்றைய பாட நோட்டை என் முன்னால் போட்டாள், பேசவில்லை. செவ்வாய், கணக்கு நோட்டு. பேசவில்லை. நேற்று, அறிவியல். படங்களுக்கு எல்லாம் பெயர்கூட எழுதியிருந்தாள். பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எண்ணத் தெரியாதவளா நான்?

இன்று நான்காவது நாள். நீளமான பின்சீட்டு உறை, ஓரம் முழுக்க ஊசி குத்தி முடித்திருந்தேன். எதிர் முனையில் அவளுக்கு இடம் விட்டிருந்தேன், கோடையில் உட்கார்ந்த மாதிரி. வந்தாள். நோட்டை வைத்தாள். எதிரே போகவில்லை. ஊசிகளைப் பார்த்தாள், எல்லாம் அவள் கையைக் குத்தும் திசையில். இரண்டை மட்டும் பிடுங்கித் திருப்பிக் குத்தினாள்.

"தள்ளி உக்காரு" என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன்.